மீற்றர் பார்க்காத மாதத்தின் கணக்கு

மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் படலை பூட்டியிருந்ததால் திரும்பிப் போய்விட்டார். கட்டணப் பட்டியல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் உள்ள அலகுகள் எவரும் மீற்றரைப் பார்த்து எழுதியவை அல்ல, முந்தைய மாதங்களின் பாவனையைக் கொண்டு மதிப்பிட்டவை. யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கும் தாயொருவர் இதை இலண்டனில் உள்ள மகனிடம் தொலைபேசியில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அதுக்கேன் அம்மா யோசிக்கிறியள், அடுத்த முறை மீற்றர் பார்க்கேக்க எல்லாம் சரிவந்திடும்." மகன் அக்கறையோடுதான் சொல்கிறார், அவர் வாழும் நாட்டில் அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் இலங்கையின் மின்கட்டண முறையில் அந்த ஆறுதல் பொருந்தாது. இங்கே ஒரு மாதத்து அலகுகள் மறுமாதக் கணக்கில் விழுந்தால், பாவித்த மின்சாரம் மாறாமலே கொடுக்கும் பணம் மாறிவிடுகிறது. இந்த வேறுபாடு பல வீடுகளில் தெரியாமல் இருப்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் மகன் இருக்கும் இடத்து முறையைப் பார்ப்போம். பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மாதந்தோறும் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கழிக்க விடுகின்றன. அந்தத் தொகை அந்த மாதத்துப் பாவனையின் விலை அல்ல. ஓர் ஆண்டில் அந்த வீடு எவ்வளவு பாவிக்கும் என்று நிறுவனம் மதிப்பிட்டு அதைப் பன்னிரண்டாகப் பிரித்த பங்கு. கோடையில் மிஞ்சுவது கணக்கில் வரவாகத் தங்கி, வீட்டைச் சூடாக்கும் குளிர்காலத்தில் கரையும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணமும், சாதாரணத் திட்டமொன்றில் எத்தனை அலகு பாவித்தாலும் மாறாத அலகு விலையும் அங்கே இருப்பதால், விலை இடையில் மாறாதவரை, மார்ச் மாதத்தில் விடுபட்ட 50 அலகு ஏப்ரலில் எழுதப்பட்டாலும் மொத்தத்தில் ஒரு சதமும் கூடாது. ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்ஜெம் 2019 ஜனவரி முதல் விதித்துவரும் விலை உச்சவரம்பும் இந்த இரண்டு விலைகளுக்குத்தான். மொத்தப் பட்டியலுக்கு எந்த வரம்பும் இல்லை என்பதை அங்கே உள்ளவர்களே பலமுறை தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். பாவனையாளர் தரப்பில் பிழையில்லாதபோது 12 மாதங்களுக்கு முந்தைய பாவனைக்குப் பின்னோக்கிப் பணம் கேட்க முடியாது என்ற விதியும் 2018 முதல் அங்கே உண்டு. இப்படியான பாதுகாப்புகளுக்கு நடுவே வாழ்பவருக்கு, மதிப்பீடு என்பது தற்காலிகமான ஒரு எண் மட்டுமே.

நமது முறை படிக்கட்டு போன்றது. 2024 ஜூலை 16 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணங்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் பின்னர் 2025 ஜனவரியில் கட்டணம் குறைந்து, ஜூனில் மீண்டும் கூடியது. ஆயினும் முழு எண்களாக இருப்பதால் 2024இன் இந்தக் கட்டணங்களைக் கொண்டு கணக்கை விளக்குவது இலகு, அந்த இரண்டு திருத்தங்களிலும் படிகளின் அமைப்பு மாறவில்லை. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் அலகொன்று 6 ரூபா, அடுத்த 30 அலகும் 9 ரூபா. 60ஐத் தாண்டியதும் இந்த இரண்டு விலைகளும் இல்லாமற்போய், முதலாவது அலகிலிருந்தே 15 ரூபா வீதம் கணக்கிடப்படும். 61 முதல் 90 வரை 18 ரூபா, 91 முதல் 120 வரை 30 ரூபா, 121 முதல் 180 வரை 42 ரூபா, அதற்கு மேல் 65 ரூபா. நிலையான கட்டணமும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி: 100, 250, 400, 1000, 1500, 2000 ரூபா. நீங்கள் கடைசியாகக் கால் வைத்த படி எதுவோ, அதற்குரிய நிலையான கட்டணமே முழுப் பட்டியலுக்கும் விழும்.

இதன் விளைவை 60ஆம் அலகில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். 60 அலகு பாவித்த வீட்டுக்கு 180, 270, நிலையான கட்டணம் 250 என்று மொத்தம் 700 ரூபா. 61 அலகு பாவித்த வீட்டுக்கு 900, 18, நிலையான கட்டணம் 400 என்று மொத்தம் 1318 ரூபா. ஒரேயொரு அலகுக்காக 618 ரூபா கூடுகிறது. 90இலிருந்து 91க்குப் போகும்போது 630 ரூபா, 120இலிருந்து 121க்குப் போகும்போது 542 ரூபா என்று மேலேயும் இதே கதைதான். ஒரு மாதத்துக்குரிய அலகுகளில் சில மறுமாதத்துக்குத் தள்ளப்படுவது நமக்கு ஏன் சாதாரண விடயம் அல்ல என்பதற்கு இந்த எண்களே போதும்.

இப்போது மதிப்பீட்டுக்கு வருவோம். ஒரு வீடு இரண்டு மாதங்களும் 85 அலகு வீதம் ஒரே சீராகப் பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக மீற்றர் பார்த்திருந்தால் மாதத்துக்கு 1350 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் சேர்ந்து 1750 ரூபா. இரண்டு மாதத்துக்கும் 3500 ரூபா. முதல் மாதம் படலை பூட்டியிருந்ததால், ஆட்கள் குறைவாக இருந்த பழைய மாதங்களின் சராசரியைக் கொண்டு 50 அலகு என்று பட்டியல் வருகிறது: 610 ரூபா. வீட்டார் மகிழ்ச்சியோடு கட்டிவிடுகிறார்கள். மறுமாதம் மீற்றர் பார்க்கப்படுகிறது; விடுபட்ட 35 அலகும் சேர்ந்து 120 அலகு அந்த ஒரு மாதத்துக்குள் விழுகிறது. இதை 30 நாள் பாவனையாகவே கணக்கிட்டால் 2340 ரூபாவும் நிலையான கட்டணம் 1000 ரூபாவும் சேர்ந்து 3340 ரூபா. இரண்டு மாதக் கூட்டுத்தொகை 3950 ரூபா. பாவித்தது அதே 170 அலகு; கூடுதலாகக் கட்டியது 450 ரூபா.

மதிப்பீடு கூடிப்போனாலும் இதேபோன்ற நட்டம் வரக்கூடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அதே வீட்டுக்கு முதல் மாதம் 110 அலகு என்று எழுதப்பட்டால் 3040 ரூபா. மறுமாதம் மீதி 60 அலகுக்கு 700 ரூபா. மொத்தம் 3740 ரூபா. இங்கேயும் 240 ரூபா மேலதிகம். எல்லா மதிப்பீடும் வீட்டுக்காரருக்கு எதிராகவே முடியும் என்று சொல்வது நேர்மையாகாது. இரண்டு மாதமும் 65 அலகு பாவிக்கும் வீட்டுக்கு ஒரு மாதம் 60, மறுமாதம் 70 என்று எழுதப்பட்டால், முதல் மாதம் மலிவான படியில் விழுந்து 600 ரூபா மிச்சப்படும். ஆனால் எல்லைக்கு அருகில் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பது அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கக் கூடாது. கணக்கு சரியாக இருப்பதே இரு தரப்புக்கும் நியாயம்.

சரியான தீர்வு இருக்கிறது, அது கட்டண முறைக்குள்ளேயே இருக்கிறது. பட்டியலில் நாட்களின் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படிகளின் எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் பார்த்த நாட்களுக்கு இடைப்பட்ட காலம் கூடினாலும் குறைந்தாலும் அந்த எல்லைகளும் அதே விகிதத்தில் நீண்டு குறுகும். ஆகவே மீற்றர் பார்க்கிறவர் மூன்று நாள் பிந்தி வந்தார், அதனால் அலகு கூடிப் படி ஏறிவிட்டது என்று அடிக்கடி கேட்கும் முறைப்பாடு பெரும்பாலும் சரியல்ல. 33 நாள் பட்டியலில் 60 அலகு எல்லை 66 ஆகிவிடும். இதே விதியை மதிப்பீட்டு மாதத்துக்குப் பிரயோகித்தால், உண்மையாகப் பார்த்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையே உள்ள 60 நாளையும் ஒரே காலமாகக் கொண்டு கணக்கிட வேண்டும். அப்போது 120 அலகு 15 ரூபா வீதம் 1800 ரூபா, மீதி 50 அலகு 18 ரூபா வீதம் 900 ரூபா, இரண்டு மாத நிலையான கட்டணம் 800 ரூபா. மொத்தம் 3500 ரூபா. அந்த 450 ரூபா மறைந்துவிடுகிறது. மதிப்பீட்டு மாதத்துக்கு அடுத்த பட்டியல் கைக்கு வந்ததும் தொகையைப் பார்க்க முன்னர் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு மாத அலகுகள் ஒரு மாத நாட்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தால், திருத்தம் கேட்க வேண்டிய இடம் அதுவே.

நாட்கணக்கு இன்னொரு வகையிலும் வீட்டுக்கு உதவும். 30, 60, 90, 120, 180 என்ற எல்லைகளை 30ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1, 2, 3, 4, 6 அலகு என்று வரும். மாத எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு பதறுவதைவிட இந்த ஐந்து எண்களை நினைவில் வைப்பது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை மீற்றரைப் பார்த்து எழுதி, மறு ஞாயிறு அதே நேரம் பார்த்தால், வித்தியாசத்தை ஏழால் வகுக்க வேண்டியதுதான். 14 அலகு ஓடியிருந்தால் நாளுக்கு 2. அந்த வீடு 60இன் விளிம்பில் நிற்கிறது, ஒரு சிறு கவனம் அறுநூறு ரூபாவைக் காப்பாற்றும். ஓர் அலகு என்பது ஆயிரம் வாட் பொருளொன்று ஒரு மணித்தியாலம் ஓடுவது. 75 வாட் காற்றாடி பத்து மணித்தியாலம் சுழன்றால் முக்கால் அலகு. கிணற்றிலிருந்து மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஓர் அலகை விழுங்கும். தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருக்க மோட்டரை மறந்துவிடும் வீடுகளில் வாசலில் ஓடும் தண்ணீரோடு ஓடுவது இந்த அலகுதான். 9 வாட் மின்குமிழை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏசுவதைவிட மோட்டரைக் கவனிப்பது பலமடங்கு பயன் தரும்.

மீற்றரை வாசிப்பது கடினமான வேலை அல்ல. புதிய மின்னணு மீற்றரில் திரை சில விநாடிக்கு ஒருமுறை மாறி மாறித் திகதி, நேரம், அலகு என்று காட்டும். கிலோவாட் மணி என்ற குறி தெரியும்போது உள்ள எண்ணையே எடுக்க வேண்டும். தட்டுச் சுழலும் பழைய மீற்றர்கள் பலவற்றில் கடைசி இலக்கம் சிவப்பாக அல்லது தனிக் கட்டத்துக்குள் இருக்கும். அது தசமம், அதை விட்டுவிட வேண்டும். அதைச் சேர்த்து வாசித்து, பட்டியலில் உள்ளதைவிடப் பத்து மடங்கு வருகிறதே என்று திகைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். என் தாயார் சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், மாதத்தின் முதல் நாள் சதுரத்துக்குள் பென்சிலால் மீற்றர் எண்ணை எழுதிவைப்பார். எரிவாயு மாற்றிய நாளும் பால்காரர் வராத நாளும் அதே தாளில் இருக்கும். இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் திகதியும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. இரண்டில் எதுவானாலும் சரி, எழுத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான் பெறுமதி.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு மதிப்பீடு பிழைத்துப்போவதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. சுற்றுமதிலும் பூட்டிய படலையும் உள்ளே நாயுமாக இருக்கும் வளவுகள் இங்கே அதிகம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் திறக்க ஆளிருக்காது. அதைவிட முக்கியமானது, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் ஆள் நிறையும் வீடுகள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளை ஒட்டி வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் குடும்பத்தோடு வருகிறார்கள். இரண்டு அறைகளில் குளிரூட்டி ஓடுகிறது, துணிதுவைக்கும் இயந்திரம் நாள்தோறும் சுழல்கிறது, தண்ணீர் மோட்டருக்கு ஓய்வில்லை. அவர்கள் போன பின்னர் அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரு மின்குமிழும் குளிர்சாதனப் பெட்டியும் ஆச்சியும்தான். அடுத்த மாதம் மீற்றர் பார்க்கப்படாமல் முந்தைய மாதங்களின் சராசரி எழுதப்பட்டால், திருவிழா மாதத்தின் பாவனை ஆச்சியின் பட்டியலில் மீண்டும் ஒருமுறை தோன்றும். மறுபுறம், மாரி மாதங்களின் குறைந்த பாவனையைக் கொண்டு கோடை மாதத்தை மதிப்பிட்டால், பின்னால் வரும் பட்டியல் ஏறிக் குத்தும். சராசரி என்பது சீரான வீட்டுக்குத்தான் பொருந்தும். நமது வீடுகள் பல சீரானவை அல்ல.

கட்டணம் திருத்தப்படும் வேளையில் மதிப்பீடு வந்தால் இன்னொரு சிக்கல் சேரும். 2025 ஜூன் 12 முதல் கட்டணம் 15 சதவீதம் அதிகரித்தபோது, அதற்கு முன் பாவித்த அலகுகள் மதிப்பீட்டில் குறைத்து எழுதப்பட்டிருந்தால், அவை பின்னர் புதிய விலையில் கணக்கிடப்பட வாய்ப்பிருந்தது. திருத்தம் அறிவிக்கப்பட்ட நாளில் மீற்றரை ஒரு படம் எடுத்துவைப்பது அரை நிமிட வேலை.

சில நூறு ரூபாவுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டுக்கு முன்னர் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மாதம் 30 அலகு பாவித்த ஏழைக் குடும்பம் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா கட்டியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டபோது, அதே 30 அலகுக்கு அலகொன்று 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1300 ரூபா ஆனது. பன்னிரண்டு மடங்குக்கு மேல். பின்னர் வந்த குறைப்புகள் அந்தச் சுமையைப் பெருமளவு இறக்கின என்றாலும், கட்டணம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாறுவது வழக்கமாகிவிட்டது. மின்சாரமே இல்லாதிருந்த தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுத் திரியை இறக்கி எரித்த ஊர் இது. அளந்து பாவிப்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டியலை வாசிக்கும் முறையை மட்டும்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாதாந்தக் கொடுப்பனவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பிரித்தானியாவில் உள்ளதுபோல ஆண்டுப் பாவனையைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கழிக்கும் வழக்கம் வீடுகளுக்கு இல்லை. அந்தந்தப் பட்டியலுக்கு அந்தந்தத் தொகை. ஆனால் கடந்த பன்னிரண்டு பட்டியல்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் ஒதுக்கிவைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. நாட்கூலி வருமானத்தில் வாழும் வீட்டுக்குக் கோடைப் பட்டியலின் அதிர்ச்சியைத் தாங்கும் வழி இதுதான். பட்டியலில் உள்ளதைவிடக் கூடக் கட்டினால் அது அடுத்த பட்டியலில் வரவாகக் கழிக்கப்படும்; ஆகவே கையில் பணமிருக்கும் மாதத்தில் முற்பணமாகவும் கட்டிவைக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இணையவழியாகக் கட்டும் வீடுகளில், பணம் அனுப்புபவர் தொகையை மட்டும் பார்க்கிறார், மீற்றரைப் பார்ப்பவர் எவருமில்லை. அங்கே மதிப்பீடு மாதக்கணக்கில் தொடர்ந்தாலும் தெரியாமற்போகும். அவ்வாறான வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை மீற்றரின் படத்தை அனுப்பச் சொல்வது பணம் அனுப்புவதைப் போன்றே அவசியம்.

மொத்தத் தொகையைக் கண்டு கலங்குவதற்கு முன்னர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இம்மாதக் கட்டணம், நிலையான கட்டணம், வரி, பழைய நிலுவை ஆகியவை ஒன்றாகக் கூட்டப்பட்டே கடைசி வரியில் நிற்கின்றன. நிலுவை இருப்பதை அறியாமல், இந்த மாதம் பில் இரட்டிப்பாகிவிட்டது என்று வாதாடப் போனவர்கள் வெட்கத்தோடு திரும்பியதுண்டு. 2020இல் ஊரடங்கு வேளையில் மீற்றர் பார்க்க முடியாமற்போய், பல மாதக் கணக்கு ஒன்றாக வந்து நாடெங்கும் முறைப்பாடு எழுந்தபோதும், பலருக்கு எது நிலுவை, எது மதிப்பீடு, எது உண்மையான பாவனை என்று பிரித்தறிவதே பெரும் பாடாக இருந்தது.

பிழை இருப்பது உறுதியானால், கட்ட வேண்டிய நாள் கடந்துபோக முன்னரே உங்கள் பகுதிச் சேவை நிலையத்துக்குப் போவது நல்லது; மின்வழங்குநரின் 1987 என்ற இலக்கத்தில் அழைத்து முறைப்பாட்டைப் பதிவதும் ஒரு வழி. ஆனால் நேரில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குவதையே நான் சொல்வேன். மதிப்பீட்டுப் பட்டியல், அதற்கு முந்தையதும் பிந்தையதுமான பட்டியல்கள், திகதியுள்ள மீற்றர்ப் படம், கணக்கிலக்கம், இதுவரை கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவை கையில் இருக்கட்டும். "பில் கூடிப்போச்சு" என்று சொன்னால் பாவனை கூடியிருக்கும் என்ற பதிலோடு விடயம் முடிந்துவிடும். "இன்ன திகதி வாசிப்புக்கும் இன்ன திகதி வாசிப்புக்கும் இடையே இத்தனை நாள், அத்தனை நாளுக்கும் சேர்த்துப் படிகளைக் கணக்கிட்டுத் தாருங்கள்" என்று கேட்டால், எதிரே இருக்கும் அலுவலர் கணக்கைத் திறந்துதான் பதில் சொல்ல முடியும். ஒரே தடவையில் கட்ட இயலாத தொகையாக இருந்தால் தவணையாகக் கட்ட அனுமதி கேட்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அந்தக் கையொப்பமிட்ட பிரதியோடு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம். மின்கட்டணங்களை அங்கீகரிப்பதும் பாவனையாளருக்கும் வழங்குநருக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்த்துவைப்பதும் அந்த ஆணைக்குழுவின் பணிகளில் அடங்கும், தமிழில் எழுதினாலே போதும்.